முப்பத்திரண்டின் ஏற்றமும் இறக்கமும்

சென்ற வாரம் கினிகத்தேனைக் கடைவீதியில் பஸ்ஸுக்காகக் காத்து நின்ற வேளையில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினேன். எனக்கு முன்னரே அங்கு ஒதுங்கியிருந்த ஒரு மாணவனும் அவனுடைய அப்பாயியும் ஏதோ ஒரு விஷயத்தைக் குறித்துத் தர்க்கித்துக்கொண்டிருந்தனர். பையன் உயர்தர வகுப்பிற் கணிதம் பயில்பவன். பரீட்சை முடிந்ததும் கொழும்புக்குப் போய் மேற்படிப்பைத் தொடர வேண்டும், அங்கே துப்பாக்கி சுடும் விளையாட்டையும் பழக வேண்டும் என்பது அவன் ஆசை. அப்பாயிக்கோ அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. இப்பகுதியை எழுதுபவன் நான் என்று அறிந்ததும் இருவருமே என்னை நடுவனாக்கிவிட்டனர்.

பையன் முந்திக்கொண்டான். “ஐயா, 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா தங்கம் வென்ற போட்டியில் முப்பத்திரண்டு என்ற ரவையைத்தான் பெரும்பாலானவர்கள் பயன்படுத்தினார்களாம். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் அதே ராணாவிடம் பயின்ற மனு பாக்கர் வெண்கலம் வென்றது நாலரை மில்லிமீற்றர்க் காற்றுத் துப்பாக்கியினால். பெரிய ரவையை விட்டுவிட்டு எல்லோரும் ஏன் சின்னதற்குப் போகிறார்கள்?”

அப்பாயி விடவில்லை. “அதுக்கு முன்னால எனக்குப் பதில் சொல்லுங்க ஐயா. தொவக்கத் தொட்ட குடும்பம் எங்கயாவது நல்லா இருந்திருக்கா?”

மழை விடுவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய விடைகள் அல்ல இவை. ஆகவே அன்று சுருக்கமாகச் சொன்னதை இன்று நேயர்கள் அனைவருக்குமாக விரித்து எழுதுகிறேன். இரண்டும் வெவ்வேறு வினாக்கள் போலத் தோன்றினும் ஒன்றின் விடை மற்றொன்றின் விடைக்குள் அடங்கியிருக்கிறது.

முதலிற் சில சொற்களைத் தெளிவு செய்துகொள்வோம். ரவை என்பது பித்தளைக் கோது, அதன் அடியில் தீமூட்டும் மருந்து, உள்ளே வெடிமருந்து, முனையிற் பறந்து செல்லும் ஈயச் சன்னம் ஆகிய நான்கும் ஒருங்கு சேர்ந்தது. துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தையே கலிபர் என்கிறோம். ஆங்கில வழக்கில் இது அங்குலத்தின் நூற்றிலொரு பங்குகளாற் குறிக்கப்படும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர். ஆகவே .22 என்பது ஏறக்குறைய 5.6 மில்லிமீற்றர். .32 என்பது பெயரளவில் 8.1 மில்லிமீற்றர், அதன் சன்னம் உண்மையில் 8 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. .38 என்பதன் பெயர் இன்னும் அதிகமாக ஏமாற்றும். பழங்காலத்துக் கோதின் வெளிவிட்டத்தை ஒட்டி வைத்த பெயர் அது. சன்னத்தின் விட்டம் 9.1 மில்லிமீற்றரே. பெயரில் உள்ளது பொருளில் இராது என்பதற்குத் துப்பாக்கி உலகம் நல்ல சான்று.

நம் மலைநாட்டவர் காதிற் பழகிய பன்னிரண்டு போர் என்பது இதனினும் பழைய கணக்கு. ஓர் இறாத்தல் ஈயத்தைச் சமமான பன்னிரண்டு உருண்டைகளாக வார்த்தால், அவற்றில் ஒன்று எந்தக் குழலிற் பொருந்துமோ அது பன்னிரண்டு போர். எண் குறையக் குறையக் குழல் பெருக்கும். 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் யானை வேட்டைக்குக் கைக்கொண்ட துப்பாக்கிகளில் ஒன்று நாலு போர். அதன் நிறை 21 இறாத்தல். அதிலிருந்து புறப்பட்ட கூம்புக் குண்டு ஒன்றின் நிறை நாலு அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 113 கிராம். பாரிஸில் மனு பாக்கர் சுட்ட காற்றுத் துப்பாக்கியின் ஈயமணி ஏறக்குறைய அரைக் கிராம். பேக்கரின் ஒரு குண்டை உருக்கினால் இத்தகைய மணிகள் இருநூறுக்கு மேல் வார்க்கலாம். பேக்கரின் காலத்தில் சுடுபவனுடைய பெருமை குண்டின் பருமனில் இருந்தது. அந்தப் பெருமை இடம் மாறிய வரலாறே முப்பத்திரண்டின் வரலாறு.

.32 ஸ்மித் அன்ட் வெஸன் லோங் என்பது இந்த ரவையின் முழுப் பெயர். 1896ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்மித் அன்ட் வெஸன் கம்பனி தன் புதிய றிவோல்வருக்காக இதனை வெளியிட்டது. அக்காலத்தில் நியூயோர்க் நகரப் பொலிஸ் ஆணையாளருள் ஒருவராக இருந்தவர், பின்னர் அந்நாட்டின் ஜனாதிபதியான தியடோர் ரூஸ்வெல்ட். பொலிஸார் கண்டபடி சுடுவதைக் கண்டு, ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகைத் துப்பாக்கி வைத்திருப்பதை நிறுத்தி, கோல்ற் கம்பனியின் முப்பத்திரண்டு றிவோல்வர் ஒன்றை எல்லோருக்கும் பொதுவாக்கினார். குறி தவறாமற் சுடுவதற்கு எளிது என்பதே முப்பத்திரண்டு பெற்ற முதற் புகழ். வேறு நகரங்களின் பொலிஸாரும் அதனைப் பின்பற்றினர்.

அந்தப் புகழ் நெடுநாள் நிலைக்கவில்லை. 1898ஆம் ஆண்டளவில் அதே கம்பனி .38 ஸ்பெஷல் என்ற வலிய ரவையை வெளியிட்டது. குற்றவாளியை எதிர்கொள்ளும் பொலிஸ்காரனுக்குக் குறியோடு வலிமையும் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற வலுப்பெற, முப்பத்திரண்டு மெல்ல மெல்லப் பின்தள்ளப்பட்டது. பொலிஸார் எதைச் சுடுகின்றனரோ அதையே பொழுதுபோக்காகச் சுடுவோரும் நாடினர். பெருமளவிற் செய்யப்படும் ரவை எங்கும் கிடைக்கும், விலையும் மலியும் என்பது இதற்கு எளிய காரணம். இன்று அமெரிக்காவிற் பொழுதுபோக்காகச் சுடுவோரிடையே 9 மில்லிமீற்றர் ரவை கொடிகட்டிப் பறப்பதற்கும் இதுவே காரணம். படைகளும் பொலிஸும் அதனைப் பாவிப்பதனால் அது மலிந்து கிடக்கிறது.

நிற்க. பொலிஸார் கைவிட்ட முப்பத்திரண்டுக்கு மறுவாழ்வு தந்தது விளையாட்டு.

சர்வதேசப் போட்டிகளில் 25 மீற்றர்ச் சென்ரர் ஃபயர் கைத்துப்பாக்கிப் போட்டி என்று ஒன்றுண்டு. கோதின் அடியில், நடுவே பொருத்திய தீமூட்டியில் ஊசி அடித்து வெடிக்கும் ரவைகளுக்கு உரிய போட்டி என்பது அப்பெயரின் கருத்து. .22 ரவையோ விளிம்பில் அடிபட்டு வெடிப்பது. ஆதலால் அதற்கு இதில் இடமில்லை. குழல்விட்டம் 7.62 மில்லிமீற்றருக்குக் குறையாமலும் 9.65 மில்லிமீற்றருக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பது விதி. இந்த எல்லைக்குள் .32உம் அடங்கும், .38உம் அடங்கும். எதை வேண்டுமாயினும் எடுத்துக்கொள் என்று விதி சொல்ல, வீரர்கள் எதை எடுத்தனர்?

தொடக்கத்தில் .38 றிவோல்வர்கள் பலர் கையில் இருந்தன. நாளடைவில் சர்வதேச வீரர்களுட் பெரும்பாலோர் .32க்கு மாறினர். இதன் காரணத்தைக் கணித மாணவன் தானே கண்டுபிடிக்கலாம். போட்டியிற் பயன்படும் .38 சன்னத்தின் நிறை 9.6 கிராம்; .32 சன்னத்தின் நிறை ஏறக்குறைய 6.4 கிராம். இரண்டும் ஏறத்தாழ ஒரே வேகத்திற் செல்வன. சன்னம் முன்னே பாயும் உந்தத்துக்கு ஈடாகத் துப்பாக்கி பின்னே உதைக்கும் என்பது நியூட்டனின் விதி. ஆகவே .32இன் உதை மூன்றிலொரு பங்கு குறைவு. போட்டியின் முதற் பாதியில் முப்பது சூடுகளை ஆற அமரச் சுடலாம். மற்றைப் பாதியின் முப்பது சூடுகளிலோ, இலக்கு மூன்று விநாடி முகங்காட்டி ஏழு விநாடி மறையும். அந்த மூன்று விநாடிக்குள் தாழ்த்திய கையை உயர்த்திக் குறி பார்த்து ஒரு முறை சுட வேண்டும். ஒரு கையினால் மட்டுமே பிடிக்கலாம். இப்படி முப்பது முறை உதை வாங்கும் மணிக்கட்டுக்கு மூன்றிலொரு பங்கு குறைவு என்பது சிறிய சலுகையன்று.

மேலும், இலக்கு என்பது வெறுந் தாள். தாளைத் துளைப்பதற்கு வலிமை எதற்கு? போட்டிச் சன்னத்தின் முனை கூராக இராது. உருளையைக் குறுக்கே வெட்டியது போலத் தட்டையாக இருக்கும். காரியாலயங்களில் தாளைத் துளையிடும் கருவி போல அது வட்டமாக, விளிம்பு கிழியாமல் துளைக்கும். புள்ளி எண்ணுவதிற் சந்தேகம் எழாது. 1970களில் ஜேர்மனியின் வால்தர் கம்பனி இந்த ரவைக்கென்றே போட்டிக் கைத்துப்பாக்கி செய்தது. பின்னர் இத்தாலியின் பர்டினி, சுவிற்சர்லாந்தின் ஹெமர்லி முதலியனவும் செய்தன. அமெரிக்கப் பொலிஸார் மறந்துவிட்ட ரவை, இவ்வாறு ஐரோப்பிய வீரர் கையில் மீண்டும் தலைநிமிர்ந்தது.

நமது அண்டை நாடாகிய இந்தியாவில் முப்பத்திரண்டை வாழவைத்தது வேறொன்று. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் அதன்கீழ் எழுந்த விதிகளும், படையினருக்குரிய ரவைகளைச் சுடும் துப்பாக்கிகளைச் சாதாரணக் குடிமக்களுக்கு விலக்கின. .38, .455, 9 மில்லிமீற்றர் யாவும் அந்த விலக்குக்குள் அகப்பட்டன. .32 தப்பியது. உரிமம் பெற்றவர்கள் வாங்கத்தக்க கைத்துப்பாக்கி என்றால் முப்பத்திரண்டே என்ற நிலை ஏற்பட்டது. கான்பூரிலுள்ள அரசாங்க ஆயுதத் தொழிற்சாலை .32 றிவோல்வரைச் செய்து விற்றது. 2014இல், பெண்களை மனத்திற் கொண்டு, நிர்பீக் என்ற பெயரில் அரைக் கிலோ நிறையுள்ள இலேசான .32 ஒன்றையும் வெளியிட்டது. அமெரிக்காவில் வலிமை குறைந்தது என்று தள்ளப்பட்ட ரவை, இந்தியாவிற் சட்டத்தின் நிழலில் தழைத்தது என்பது விந்தையன்றோ!

அந்த நாட்டிலிருந்துதான் சென்ரர் ஃபயர் போட்டியின் பெருவீரர் ஒருவரும் தோன்றினார். ஜஸ்பால் ராணா 1994இல் ஹிரோஷிமாவில் தங்கம் வென்றபோது அவருக்கு வயது பதினெட்டு. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2006இல் டோஹாவில் நடந்த ஆசிய விளையாட்டில், அதே போட்டியில் 600க்கு 590 புள்ளி பெற்று உலகச் சாதனையைச் சமன் செய்தார். அந்த விளையாட்டில் மட்டும் அவர் பெற்ற தங்கம் மூன்று. 2010இல் டில்லியில் நடந்த பொதுநலவாய விளையாட்டிலும் இந்தப் போட்டியின் தங்கமும் வெள்ளியும் ஹர்பிரீத் சிங், விஜய குமார் என்ற இரு இந்தியர்களுக்கே கிடைத்தன. அன்று முப்பத்திரண்டின் சூரியன் உச்சியில் நின்றது எனலாம்.

உச்சிக்கு வந்த சூரியன் சாய வேண்டியதுதானே. 2014இல் கிளாஸ்கோவில் நடந்த பொதுநலவாய விளையாட்டில் சென்ரர் ஃபயர் போட்டி இடம்பெறவில்லை. 2022இல் பேர்மிங்காமில் துப்பாக்கி சுடுதல் முழுவதுமே விடப்பட்டது. ஆசிய விளையாட்டில் 2014இல் இஞ்சியோனில் இருந்த இந்தப் போட்டி, 2018இல் ஜகார்த்தாவில் இல்லை. ஒலிம்பிக்கிலோ இது ஒருபோதும் இருந்ததில்லை. ஒலிம்பிக்கில் இடமில்லாத ஒரு போட்டிக்காக ஒரு நாடு பணத்தையும் பயிற்சியையும் எத்தனை காலம் செலவிடும்? இளம் வீரன் ஒருவன் எதைப் பழகுவான்? பதக்கம் எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் பயிற்சியாளர் செல்வார். பயிற்சியாளர் எங்கே செல்கிறாரோ அங்கேதான் மாணாக்கனும் செல்வான்.

இந்த விதி முப்பத்திரண்டுக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஒலிம்பிக்கின் வேகச் சூட்டுப் போட்டியில் 2004 ஏதென்ஸ் வரை .22 ஷோர்ட் என்ற குட்டையான ரவையும் அதற்கென்றே அமைந்த மிக இலேசான விசையுள்ள துப்பாக்கிகளும் கோலோச்சின. 2005இல் சர்வதேசச் சம்மேளனம் விதியை மாற்றி .22 லோங் ரைபிள் ரவையைக் கட்டாயமாக்கியது. ஒரே இரவில் அந்த அருமையான துப்பாக்கிகள் அலுமாரிச் சாமான்களாயின. புதிய விதியின்கீழ்ச் சுட்டே விஜய குமார் 2012இல் இலண்டனில் வெள்ளி வென்றார். இவ்வாறே 2016 ரியோவுக்குப் பின் 50 மீற்றர்க் கைத்துப்பாக்கிப் போட்டியும் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. ஆணும் பெண்ணும் இணைந்து சுடும் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டி புதிதாகச் சேர்ந்தது. 2024இல் மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் வெண்கலம் பெற்றது இந்தப் புதிய போட்டியில்தான். ஒரு கதவு மூட மற்றொரு கதவு திறந்தது.

இதுவரை பையனுடைய வினாவுக்கு விடை சொன்னேன். ஒரு ரவையின் புகழைச் சுடுபவனின் கை ஓரளவே தீர்மானிக்கிறது. சட்டமும் விலையும் போட்டி விதியும் மிகுதியைத் தீர்மானிக்கின்றன. இனி அப்பாயியின் வினா. அதற்குப் பதில் தேட, குளிர்மிகுந்த ஸ்கொட்லாந்து தேசத்துக்குப் போக வேண்டும்.

1996ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் திகதி, டன்பிளேன் என்ற சிற்றூரின் ஆரம்பப் பாடசாலைக்குள் ஒருவன் நுழைந்து பதினாறு குழந்தைகளையும் அவர்களின் ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். அவன் கையில் இருந்தவை சட்டப்படி அனுமதி பெற்று வைத்திருந்த கைத்துப்பாக்கிகள். நாடு பதறியது. கைத்துப்பாக்கியைத் தடை செய்க என்று கேட்டு ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். அந்த மாதத்திற் பனியிடையே பூக்கும் ஒரு வெண்மலரின் பெயரையே அவ்வியக்கம் தாங்கியது.

அரசாங்கம் கலிபரைக் கொண்டு கோடு கிழிக்க முயன்றது. 1997இல் வந்த முதற் சட்டம் .22க்கு மேற்பட்ட கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது. முப்பத்திரண்டும் முப்பத்தெட்டும் அன்றே போயின. .22 மட்டும் விளையாட்டுக்காக எஞ்சியது. அதே ஆண்டு ஆட்சி மாறியது. புதிய அரசாங்கத்தின் இரண்டாவது சட்டம் .22ஐயும் தடை செய்தது. சிறிய குண்டாயினும் குழந்தையின் உயிரைக் குடிக்கும் என்று வாதாடிய பெற்றோருக்கு எவர்தான் மறுமொழி சொல்ல முடியும்? குற்றம் ஏதும் செய்யாத ஆயிரக்கணக்கான விளையாட்டுக்காரர் தம் துப்பாக்கிகளை ஒப்படைத்தனர். சிலர் வாய்வழி மருந்து கெட்டிக்கும் பழங்காலக் கைத்துப்பாக்கிக்கு மாறினர். பலர் காற்றுத் துப்பாக்கிக்கு மாறினர். நாட்டின் பிரதிநிதிகளாகப் போட்டியிடுவோர் பயிற்சிக்காகக் கடல் கடந்து செல்ல வேண்டியதாயிற்று. 2002இல் மான்செஸ்டர் பொதுநலவாய விளையாட்டை நடத்துவதற்கே விசேட விலக்கு அளிக்க நேர்ந்தது.

இங்கே நேயர்கள் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். விளையாட்டுக்காரர் இழந்தது பொய்யான இழப்பன்று. ஆண்டுக்கணக்காகப் பழகிய கலை ஒரு சட்டத்தால் அவர்களுக்கு அந்நியமாயிற்று. ஆயினும் தராசின் மறுதட்டில் பதினாறு சிறு பாதணிகள் இருந்தன. அந்தச் சமூகம் எந்தத் தட்டைத் தாழ்த்தியது என்பது வரலாறு. அப்பாயியின் அச்சம் படிப்பறியாதவரின் வீண் அச்சம் என்று எண்ணுபவர்கள் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

நம் மலைநாட்டில் அந்த அச்சத்துக்கு வேறு வேர்களும் உண்டு. 1900இல் தோன்றி 1949இற் கலைக்கப்பட்ட தோட்டத்துரைமார் ரைபிள் படை என்று ஒன்று இங்கே இருந்தது. துரைமாருக்குத் துப்பாக்கி சுடுதல் கடமையாகவும் பொழுதுபோக்காகவும் இருந்தது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், துப்பாக்கி வைத்திருப்பவர் அனுமதிப் பத்திரம் பெற வேண்டும் என்றது. லயத்தில் வாழ்ந்தவருக்கு இவற்றில் எதுவும் சொந்தமில்லை. அவர் துவக்கைக் கண்டது துரை பங்களாவின் சுவரில். அல்லது காட்டோரத்திற் பன்றிக்குக் கட்டிய கட்டுத்துவக்கில், வழி தவறிப்போன விறகுக்காரனின் காலைப் பதம்பார்த்தபோது. பின்னர் 1971இன் கிளர்ச்சி வந்தது. 1983 வந்தது. 2009 வரை யுத்தம் நீண்டது. அந்தக் காலமெல்லாம் தமிழ் இளைஞன் கையிற் துவக்கு என்று நினைத்தாலே ஒரு தாயின் வயிறு கலங்கும். அது விளையாட்டுப் பொருளாகவும் இருக்கலாம் என்று நினைத்துப் பார்ப்பதற்கே நம்மவருக்கு இடமிருக்கவில்லை. தாழ்வாரத்தில் அப்பாயி, “எண்பத்து மூணுல நாங்க பட்ட பயம் போதும்” என்று சொன்னபோது அதற்கு மேல் நான் தர்க்கிக்கவில்லை.

ஆனால் பேரனின் ஆசையையும் ஒதுக்கிவிட முடியாது. காலம் துப்பாக்கியைச் சிறிதாக்கிக்கொண்டே வந்திருக்கிறது. நாலரை மில்லிமீற்றர்க் காற்றுத் துப்பாக்கியில் வெடிமருந்து இல்லை. உருளையில் அடைத்த காற்றே ஈயமணியைத் தள்ளுகிறது. பத்து மீற்றர்த் தூரத்தில் உள்ள இலக்கில், பத்துப் புள்ளி தரும் நடுவட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீற்றர், சட்டைப் பொத்தானின் அளவு. அதற்கு வேண்டியது வலிய தோளன்று. மூச்சை அடக்கவும், கண்ணை நிறுத்தவும், மனத்தை ஓரிடத்திற் கட்டவும் தெரிந்தாற் போதும். எனவேதான் பெண்களும் மாணவர்களும் இதில் முன்னணிக்கு வந்தனர். கடலூரிற் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியிற் காற்று ரைபிளினால் தங்கம் வென்றார். நம் இலங்கையின் தெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக்கிற் சுட்டதும் காற்று ரைபிளே. நாலு அவுன்ஸ் குண்டின் காலத்தில் இவர்களுக்கு இந்த அரங்கில் இடமேது?

கைத்துப்பாக்கியின் பெருமை கலிபரில் இல்லை என்பதற்கு ஹங்கேரி நாட்டுக் கரோலி தகாச் என்பவரின் வாழ்க்கையே போதும். இராணுவ வீரரான அவருடைய வலக்கையை 1938இற் பயிற்சியின்போது வெடித்த கைக்குண்டு சிதைத்துவிட்டது. சுடும் கையே போயிற்று. அவர் எவருக்கும் சொல்லாமல் இடக்கையாற் பழகினார். 1948இல் இலண்டனிலும் 1952இல் ஹெல்சிங்கியிலும் வேகச் சூட்டுப் போட்டியில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். அவர் எந்த ரவையைச் சுட்டார் என்று இன்று நினைப்பவர் சிலரே. எந்தக் கையாற் சுட்டார் என்பதை உலகம் மறக்கவில்லை.

இத்தனையும் சொல்லிவிட்டு மாணவனுக்கு ஒரு கசப்பான உண்மையையும் சொல்லாதிருத்தல் தகாது. நல்ல போட்டிக் காற்றுத் துப்பாக்கி வெளிநாட்டிலிருந்து வர வேண்டியது. கொழுந்து பறித்துப் பிள்ளையைப் படிக்க வைக்கும் குடும்பம் அதனை வாங்க நினைப்பது இயலாத காரியம். கழகத்திலோ கல்விக்கூடத்திலோ பொதுவாக வைத்திருக்கும் துப்பாக்கியிற் பழகுவதே நம்மவருக்குத் திறந்துள்ள வழி. அதிலும் ஒரு நன்மை உண்டு. அந்தத் துப்பாக்கி அங்கேயே பூட்டில் இருக்கும். பழகுபவன் வெறுங்கையோடு வீடு திரும்புவான். முப்பத்திரண்டின் வரலாறு முழுவதையும் ஒரு வாக்கியத்திற் பிழிந்தால் இதுவே சாரம்: துப்பாக்கி வீட்டிலிருந்தும் இடுப்பிலிருந்தும் விலகி அரங்குக்குள் ஒதுங்க ஒதுங்க, அது விளையாட்டாயிற்று.

இவ்வளவையும் மழைக்கிடையே நான் சொன்னேனல்லேன். வலிமை குறைந்தது, வாய்ப்புப் பெருகியது என்று பையனுக்குச் சொன்னேன். உங்கள் பயம் நியாயமானது என்று அப்பாயிக்குச் சொன்னேன். காற்றினாற் சுடும் துவக்கு, சட்டைப் பொத்தானளவு இலக்கு, கழகத்துப் பூட்டு ஆகியவற்றைப் பற்றி மூதாட்டி நுணுக்கமாகக் கேட்டறிந்துகொண்டார். மழை விட்டது. அவர்கள் போக வேண்டிய பஸ்ஸும் வந்தது. படியில் ஏறுமுன் பேரனின் பக்கம் திரும்பி, “பரீட்சைய மொதல்ல பாஸ் பண்ணு. காத்துத் தொவக்குன்னா பழகிக்க. ஆனா அது நம்ம வீட்டு வாசப்படி ஏறக் கூடாது” என்றார்.

அறிஞர் பலர் கூடி எழுதும் சட்டங்கள் இதனினும் நீளமானவை. இதனினும் தெளிவானவை என்று சொல்வதற்கில்லை.